மலைக்குள் ஒரு டிராகன்: கற்பனை நாவலுக்கு ஓவியம் வரைவது பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் இம்முறை எடுத்துக்கொண்ட நூல் டோல்கீனின் 'தி ஹாபிட்'. 1937-இல் வெளிவந்த இந்நாவலில், வீட்டை விட்டு நகர மனமில்லாத பில்போ என்ற ஹாபிட், பதின்மூன்று குள்ளர்களோடும் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியோடும் புறப்பட்டு, ஸ்மாக் என்ற டிராகன் பறித்து வைத்திருக்கும் புதையலை மீட்கப் போகிறான். படித்தவர்களில் பலர் படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து பழகியவன் என்ற முறையில், அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள்.

கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, நான் திரைப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்கு வந்தேன். யாரை வரைந்தாலும் படத்தில் வந்த முகமே வந்து நிற்கிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

முகத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, நீங்கள் வரையப்போகும் ஆளைப் பற்றி நாவல் எங்கெங்கே என்ன சொல்கிறது என்பதைப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஹாபிட்டைப் பற்றி முதல் அத்தியாயமே தாராளமாகச் சொல்லிவிடுகிறது: நம் உயரத்தில் ஏறத்தாழப் பாதி, தாடி கிடையாது, தொந்தி விழுந்த உடம்பு, பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் உடை, செருப்பே தேவைப்படாத தடித்த உள்ளங்கால், பாதத்தின் மேல் அடர்ந்த பழுப்பு முடி, நீளமான கெட்டிக்கார விரல்கள். அவன் வீட்டுக் கதவு முழு வட்டம். பச்சை வண்ணம் அடித்தது. பளபளக்கும் பித்தளைக் குமிழ் அதன் நட்ட நடுவில் இருக்கிறது. கதவை வரைபவர்களில் பலர் பழக்க தோஷத்தால் குமிழை ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட குறிப்புகள் பத்துப் பன்னிரண்டு கையில் இருந்தால், நடிகரின் முகம் தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

நாவல் சொல்லாமல் விட்ட இடம் முழுக்க உங்களுடையது. இருட்டுக் குகையில் பில்போ சந்திக்கும் கோல்லம் எவ்வளவு பெரியவன் என்று முதலில் வந்த பதிப்புகள் சொல்லவில்லை. பின்லாந்து ஓவியர் தூவே யான்சன் 1962-இல் வந்த சுவீடிய மொழிப் பதிப்புக்கு அவனைப் பூதாகாரமாக வரைந்தார். எழுத்தில் அதைத் தடுக்கும் சொல் எதுவும் இல்லாததால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. டோல்கீன் பிற்பாடு அந்த இடத்தில் கோல்லம் சிறிய உருவம்தான் என்று சேர்த்து எழுதிவிட்டார். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: திரைப்படத்தின் தோற்றங்களை வடிவமைத்த ஆலன் லீ, ஜான் ஹவ் இருவரும் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே டோல்கீனின் கதைகளுக்குப் படம் வரைந்தவர்கள். ஆகவே நீங்கள் திரையில் பார்த்ததும் இரண்டு ஓவியர்களின் வாசிப்புதான். மூன்றாவது வாசிப்புக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பள்ளி ஆசிரியர், தென்காசி: பில்போவுக்கு வேட்டி கட்டிவிட்டு, தாமிரபரணிக் கரையில் நிறுத்தினால் என்ன?

நிறுத்தலாம்; ஆனால் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. வேட்டியை மட்டும் கட்டிவிட்டு, பின்னால் கணப்படுப்பும் மேசையில் கேக்கும் இருந்தால், அது பள்ளி ஆண்டு விழா மாறுவேடம் போலத்தான் இருக்கும். கதையை இங்கே கொண்டுவருவதானால் வீடு, அடுப்பு, விளக்கு, மழை, மரம் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். அது பெரிய வேலை, நல்ல வேலையும்கூட.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஆட்களையும் உடைகளையும் நாவலில் உள்ளபடியே விட்டுவிட்டு, பாறையையும் வெளிச்சத்தையும் நம் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மாக் குடியிருக்கும் தனிமலைக்குப் பொதிகையைப் பார்த்து வரைபவர்கள் இடறுவார்கள், ஏனென்றால் பொதிகை ஒரு தொடர்; ஒரு சிகரத்துக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். தனிமலைக்குப் பார்க்க வேண்டியது கழுகுமலை. சுற்றிலும் கரிசல் நிலம் தட்டையாகக் கிடக்க, மலை மட்டும் எழுந்து நிற்பதை விடியற்காலையில் தொலைவிலிருந்து பாருங்கள்: அடிவாரம் புழுதியில் மங்கிக் கிடக்கும், உச்சி மட்டும் கூர்மையாகத் தெரியும். கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்தக் கரிசலே, டிராகன் எரித்துப் பாழாக்கிய நிலத்துக்கும் மாதிரியாகும். கதையின் நடுவில் பயணிகள் கடக்கும் பனிமலைத் தொடருக்கு வேண்டுமானால் அம்பாசமுத்திரத்திலிருந்து தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதுவும் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது, இதுவும் அப்படியே.

தச்சு வேலை செய்பவர், கிருஷ்ணாபுரம்: எங்கள் ஊர்க் கோயில் யாளியைப் பார்த்துத்தான் டிராகன் வரைகிறேன். எவ்வளவு பெரிய தாளில் வரைந்தாலும் அது பெரிதாகத் தெரியவில்லை.

தாளின் அளவுக்கும் டிராகனின் அளவுக்கும் தொடர்பு கிடையாது. ஓர் உருவம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால், அளவு தெரிந்த சிறிய பொருள் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் டோல்கீனே சறுக்கியிருக்கிறார். புதையல் மேல் படுத்திருக்கும் ஸ்மாக்கோடு பில்போ பேசும் காட்சியை அவர் வண்ணத்தில் வரைந்தார். அதிலுள்ள ஹாபிட் இருக்க வேண்டிய அளவைவிட மிகப் பெரிதாகிவிட்டான் என்று பின்னர் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். ஆகவே பில்போவை நீங்கள் நினைப்பதைவிடவும் சிறிதாக்குங்கள். அடுத்து, டிராகன் முழுவதையும் சட்டத்துக்குள் அடக்காதீர்கள். வால் ஒரு பக்கமும் இறக்கை ஒரு பக்கமும் தாளுக்கு வெளியே போகட்டும். தலைக்கு அருகிலுள்ள செதில்களை ஒவ்வொன்றாக வரைந்து, உடல் பின்னோக்கிப் போகப் போகக் கோடுகளை மெலிதாக்கி, கடைசியில் வெறும் நிழலாக விட்டுவிட்டால், அந்த உடலுக்கு நீளம் வந்துவிடும்.

யாளியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு: பிதுங்கிய கண், மடிந்த உதடு, பாயத் தயாராக நிற்கும் முன்கால். ஆனால் யாளி நிமிர்ந்து தூணைத் தாங்குவதற்காகப் பிறந்த உருவம். ஸ்மாக் நாவலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கிறது. படுத்திருக்கும் உடலின் கனம் எப்படித் தரையில் அழுந்துகிறது என்பதை உங்கள் தெரு மாட்டிடம் பாருங்கள். வயிறு ஒரு பக்கம் சரிந்து, தொடை எலும்பு மேலே எழும்பி நிற்கும். செதிலுக்குப் பாம்புச் சட்டை ஒன்று கிடைத்தால் போதும்: முதுகுப் பக்கம் சிறிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, வயிற்றுப் பக்கம் அகலமான பட்டைகள் குறுக்காக ஓடும். இந்த வேறுபாடு கதைக்கே முக்கியம். ஸ்மாக்கின் வெளிறிய வயிற்றில் நெடுநாள் படுக்கையால் பொன்னும் மணியும் ஒட்டியிருப்பதையும், இடது மார்பில் ஓர் இடம் மட்டும் காப்பில்லாமல் இருப்பதையும் பில்போ அப்போதுதான் பார்க்கிறான். அந்த இடத்தை உங்கள் படத்தில் காட்டுவதா, மறைப்பதா என்பதை முதல் கோடு போடுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். படுக்கை நிலையே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

இறக்கைக்கு வௌவால். ஆற்றங்கரைப் பெருமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் மாலையில் கிளம்பும்போது பாருங்கள். அந்தத் தோலை விரித்துப் பிடிப்பவை நீண்டுபோன நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் கொக்கியாக வெளியே நிற்கும். தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்ற வரிசையில் எலும்பை முதலில் போட்டு, தோலைப் பிறகு போர்த்துங்கள்.

வங்கி ஊழியர், சேரன்மகாதேவி: பதின்மூன்று குள்ளர்களையும் ஒரே படத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? எல்லாருக்கும் தாடி இருக்கிறது.

தாடியை விடுங்கள், தலைப்பாகை போன்ற அவர்களின் முக்காட்டுத் தொப்பியைப் பாருங்கள். ஒவ்வொருவராகப் பில்போ வீட்டுக்கு வந்து இறங்கும்போதே டோல்கீன் நிறத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். டுவாலினுக்குக் கரும்பச்சை, அதோடு தங்க நிற இடைவாரில் செருகிய நீலத் தாடி. பாலினுக்குச் சிவப்பு, தாடி வெள்ளை. கீலிக்கும் ஃபீலிக்கும் நீலம், தாடி மஞ்சள். அடுத்து வரும் ஐவரில் இருவருக்கு ஊதா, மற்றவர்களுக்குச் சாம்பல், பழுப்பு, வெள்ளை. பிஃபருக்கும் போஃபருக்கும் மஞ்சள். பருத்த பாம்பருக்கு வெளிர்பச்சை. தலைவன் தோரினுக்கு வெள்ளிக் குஞ்சம் தொங்கும் வான்நீலம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு அருமையான பாடம் இருக்கிறது. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் உள்ளன. கப்பலில் குதிரைகள் வந்து இறங்கும் காட்சியும் போர்க் காட்சிகளும் அங்கே உண்டு. கூட்டத்தை வரையும்போது அந்த ஓவியர்கள் ஆழம் காட்ட முயல்வதில்லை. ஆட்களைப் பட்டை பட்டையாக வரிசைப்படுத்தி, சிவந்த பின்புலத்தில் அழுத்தமான கோட்டால் ஒவ்வொருவரையும் பிரித்துவிடுகிறார்கள். பதின்மூன்று பேரையும் அப்படி ஒரு நீண்ட பட்டையில் நடக்கவிட்டு, கடைசியில் மூச்சு வாங்கும் பில்போவைச் சேர்த்துப் பாருங்கள். மேல் நிலைகளுக்கு ஏறிப் பார்க்க விரும்பினால் கோயிலில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

இல்லத்தரசி, சங்கரன்கோவில்: நீர்வண்ணம் பூசினால் தாளில் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடுகிறது. வானம் ஒரே சீராக வருவதே இல்லை.

நீங்கள் பூசுவதில் குறையில்லை, காற்றுதான் காரணம். ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் பக்கம் அடிக்கும் உலர்காற்றில், தூரிகை தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பின்மேல் ஈர வண்ணம் படும்போதுதான் திட்டு விழுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், விடியற்காலையில் வேலை செய்யுங்கள், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை இருபுறமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டு, வண்ணத்தைத் தேவைக்கு அதிகமாகவே முன்னதாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கரைத்த வண்ணத்தில் ஓரிரு சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். அதிகமானால் வண்ணம் பிசுபிசுத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால், அதே மாதத்தில் குற்றாலத்தில் இருப்பவர் சாரலில் தாள் காயவில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பார். அவருக்கு நான் சொல்வது, வண்ணத்தை மூடி வைத்துவிட்டு மையைத் தொடுங்கள் என்பது.

பொறியாளர், வள்ளியூர்: மிர்க்வுட் காட்டை மையில் வரைந்தால் கறுப்புக் குழம்பாகிவிடுகிறது.

வெயில் நுழையாத அந்தக் காட்டை வரைய, முதலில் வெள்ளையாக விடவேண்டிய இடங்களைத் தீர்மானியுங்கள்: குறுகிய பாதை, பாதையோரத் தண்டுகளின் ஒரு பக்கம், இருளில் தெரியும் கண்கள். இவற்றைப் பென்சிலால் சுற்றிவைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் ஒரே திசைக் கோடுகளை முதலில் போடுங்கள்; அவை காய்ந்தபின் குறுக்குக் கோடுகள்; முழுக் கறுப்பைக் கடைசியாக, அதுவும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வையுங்கள். இலை இலையாக வரையாதீர்கள். அடர்ந்த காட்டில் கண்ணுக்கு இலை தெரிவதில்லை, தண்டும் கொடியும் தொங்கும் வேரும்தான் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மேலப்பாளையம்: நாவலில் உள்ளதைப் போல் வரைபடம் ஒன்று வரைய ஆசை. வடக்கு மேலே இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை, தம்பி. நாவலில் வரும் திரோரின் வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கிறது. அதை வரைந்தவர்கள் குள்ளர்கள், அது அவர்கள் வழக்கம். யார் வரைந்த வரைபடம் என்பதை முடிவு செய்தால் திசை, எழுத்து, எதைப் பெரிதாகக் காட்டுவது எல்லாம் தாமாக வரும். பழகுவதற்கு நம் ஆற்றையே வரைந்து பாருங்கள்: பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியை, முதலில் ஒரு மீனவர் வரைவதாகவும், பிறகு மலைமேல் வசிக்கும் ஒருவர் வரைவதாகவும்.

கணினிப் பணியாளர், திருநெல்வேலி நகரம்: தாளை விட்டு டேப்லட்டில் வரையலாமா?

தாராளமாக. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் பதிப்பின் மேலுறைக்கு டோல்கீன் சிவப்புச் சூரியனும் சிவப்பு டிராகனும் கேட்டார். செலவு கூடும் என்று பதிப்பகம் சிவப்பை விலக்கியதால், கறுப்பு, நீலம், பச்சை மட்டும் வைத்து அது அச்சானது. இன்றும் அந்த உறை நன்றாகத்தான் இருக்கிறது.

அச்சகம் நடத்துபவர், பாளையங்கோட்டை: இந்தப் படங்களை அச்சடித்துக் கண்காட்சியில் விற்கலாமா?

உங்களுக்காக வரைந்து வீட்டில் மாட்டுவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. விற்பனை வேறு. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. டோல்கீன் மறைந்தது 1973-இல் என்பதால் இங்கே 2033 முடியும் வரை அவர் நூல்கள் உரிமைக்கு உட்பட்டவை. இங்கிலாந்தில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் 2043 முடிய வேண்டும். கதைமாந்தரின் பெயர்களுக்கு வணிகக்குறி உரிமை தனியாக உண்டு. விற்கத்தான் வேண்டும் என்றால், மலையையும் காட்டையும் பெயரில்லாத ஒரு டிராகனையும் உங்கள் சொந்தக் கற்பனையில் வரைந்து விற்றுக்கொள்ளுங்கள். பில்போவை விற்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

அதே தென்காசி ஆசிரியர்: முடித்த படங்களை எப்படிப் பாதுகாப்பது? சென்ற சாரலில் இரண்டு படங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது.

சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். சுவரின் ஈரம் அப்படியே தாளுக்கு ஏறும். அமிலமில்லாத தாளை ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வைத்து, தட்டையான பெட்டியில் அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடுங்கள். சாரல் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள். அந்துருண்டையைத் தாள்மேல் நேராக வைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த இரண்டையும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, நன்றாக உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை உள்ளே இறங்கிவிடும்.