பொருத்து வீடு (பகுதிகளை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடு): வாசகர் கேட்டவை

கே: பனல் வீடு (ரெஜிபோம் என்ற வெள்ளை நுரையை நடுவில் வைத்த இலேசான சுவர்), இரும்புச் சட்ட வீடு, கொங்கிறீட் பலகை வீடு. எது மலிவு? (மல்லாவி)

ப: காணி மேடா பள்ளமா, என்ன மண், லொறி வாசல் வரை வருமா, ஒன்றையும் எழுதாமல் விலையை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? விற்பவர் சொல்லும் சதுர அடிக் கணக்கில் அத்திவாரம், மலசலகூடம், வயரிங், ஏற்றுக்கூலி பெரும்பாலும் இருக்காது. அவற்றையும் சேர்த்து எழுத்தில் வாங்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

கே: கொங்கிறீட் பலகை உறுதி என்கிறார்கள். எங்கள் ஒழுங்கை ஒடுக்கம். (நெடுங்கேணி)

ப: உறுதிதான். பத்தடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலத் தடிப்பில் ஒரு பலகை ஏறக்குறைய 350 கிலோ. கிரேன் வராத இடத்தில் அதை யார் தூக்குவது? தூணும் இடைப்பலகையுமாக, நாலு பேர் தூக்கும் அளவில் வார்த்துத் தருபவரைத் தேடுங்கள். கார்த்திகை மழைக்கு முன் ஏற்றி முடியுங்கள்.

கே: பனல் இலேசு, அத்திவாரம் பெரிதாகத் தேவையில்லை என்கிறார் விற்பனையாளர். எங்களுடையது களிமண். (முருங்கன்)

ப: இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முருங்கன் களி கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்; மாரியில் தண்ணீர் குடித்து ஊதும். ஊதும் மண் பாரமான வீட்டைவிட இலேசான வீட்டைத்தான் சுலபமாகத் தூக்கும். அதுவும் ஒரே சீராகத் தூக்காது. பனல் வெடிக்காமல் நிற்கலாம். பொருத்து வாயும் கதவு நிலையும் காட்டிக் கொடுத்துவிடும். மாரியில் இறுகும் கதவு கோடையில் கொளுவிக்கு எட்டாமல் நின்றால் தச்சரைக் கூப்பிடாதீர்கள், அத்திவாரத்தைப் பாருங்கள். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே அது போக வேண்டும். மேலே கம்பி கட்டிய பீம் வீட்டைச் சுற்றிவர ஓட வேண்டும். தரைக்கு அடியில் களியை அகற்றிக் கிரவல் போட்டு இறுக்குங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்கக் கூடாது. அங்கே வாழை நட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பனலில் மிச்சம் பிடித்த காசு இதில் போய்விடும். போகட்டும்.

கே: ரெஜிபோம் பனலைக் கறையான் தின்னுமா? (மாங்குளம்)

ப: தின்னாது, துளைத்துக் கூடு வைக்கும். அத்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து அடியுங்கள். நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன்: 100 பாகை செல்சியசுக்குக் கிட்ட ரெஜிபோம் இளகத் தொடங்கும். விறகடுப்பு எரிக்கும் குசினியைக் கல்லில் கட்டிப் புகைக்கூடு வையுங்கள்.

கே: கடலோரத்தில் இரும்புச் சட்டம்? (கொக்கிளாய்)

ப: வேண்டாம். வெட்டிய நுனியிலும் திருகாணி ஓட்டையிலும் துரு தொடங்கும். அது சுவருக்குள்ளே இருப்பதால் உங்களுக்குத் தெரியவும் வராது.

கே: 2016இல் அரசாங்கம் தர வந்த இரும்பு வீட்டை ஏன் எதிர்த்தார்கள்? (புதுக்குடியிருப்பு)

ப: 65,000 வீடுகள், ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இந்திய வீட்டுத்திட்டம் ஐந்தரை இலட்சம் கொடுத்துக் கல் வீடு கட்டுவித்தது. வெயிலுக்கு எது நல்லது, உள்ளூர் மேசனுக்கு எதில் வேலை என்று நீங்களே பாருங்கள். அத்திவாரத்தைப் பற்றியும் அன்றே கேட்டார்கள்.

கே: பழைய கொள்கலன் வாங்கி வீடாக்கலாமா? (கிளிநொச்சி)

ப: எட்டடி அகலம், சுற்றிவர இரும்பு. சித்திரை வெயிலில் நடுப்பகல் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.