மலைமேட்டில் மீன் வந்தது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அண்ணன், வயோமிங் மாநிலத்துக்குச் சுற்றுலா போனபோது ஒரு கல் பலகை வாங்கி வந்தார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், முள் முள்ளாகத் தெரிகிறது. 'நைட்டியா' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. இது அசலா? கடல் மீன் மலைமேட்டுக்கு எப்படி வந்தது? நாமே போய் எடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் அசலாகத்தான் இருக்கும். முழு மீன் புதைபடிவங்களில் உலகில் மிக அதிகமாகத் தோண்டி எடுக்கப்படுபவற்றில் நைட்டியாவும் ஒன்று. இதைப் போலியாகச் செய்வதைவிட நிஜத்தை எடுப்பது சுலபம். ஆனால் உடைந்துபோன வாலையோ துடுப்பையோ வண்ணம் தீட்டிச் சரிக்கட்டி விற்பவர்கள் உண்டு. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். எலும்பு என்றால் விலா முட்கள் தனித்தனியாக லேசாக மேடுதட்டி, அங்கங்கே விரிசல் விட்டிருக்கும். சாயம் கல்லின் சொரசொரப்பின் மேலேயே ஒரே சீராகப் படிந்திருக்கும்.

இது கடல் மீன் இல்லை. மத்திக்குத் தூரத்து உறவு என்றாலும், வாழ்ந்தது நன்னீர் ஏரியில். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வயோமிங், யூட்டா, கொலராடோ பகுதியில் மலைகளுக்கு நடுவே கோசியூட், யுயின்டா, ஃபாசில் ஏரி என்று மூன்று பெரிய ஏரிகள் இருந்தன. இன்று பனி கொட்டும் அந்த மேட்டுநிலத்தில் அப்போது பனைகளும் முதலைகளும் இருந்தன. மூன்றில் சிறியது ஃபாசில் ஏரி. மிக அழகான மீன்கள் கிடைப்பது அங்கேதான். ஏரியின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருந்திருக்க வேண்டும். இறந்து விழுந்த மீனைக் கொத்தித் தின்னவோ கலைக்கவோ அங்கே ஆள் இல்லை. மேலிருந்து சன்னமான சுண்ணாம்புச் சேறு மெல்ல மெல்லப் படிந்து மூடிவிட்டது. உங்கள் கல்லின் விளிம்பைப் பாருங்கள், முடி போன்ற மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியலாம். அவை அந்தச் சேற்றுப் படிவுகள்தான். எனக்கு மீனைவிட அந்த விளிம்பைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

நைட்டியா கூட்டமாகத் திரிந்த சின்ன மீன். பெரிய மீன்களுக்கெல்லாம் அதுதான் சாப்பாடு. மையோப்ளோசஸ் என்ற வேட்டை மீன், நைட்டியாவை விழுங்க முடியாமல் வாயில் சிக்கியபடியே செத்துக் கல்லான மாதிரிகளும் கிடைத்திருக்கின்றன. சில பலகைகளில் நூற்றுக்கணக்கான நைட்டியா நெருக்கமாகக் கிடக்கும். ஒரே சமயத்தில் கூட்டமாக மடிந்தவை அவை. தண்ணீரின் வெப்பம் சட்டென மாறியதோ பாசி பெருகி மூச்சுமுட்டியதோ காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

பெயருக்கும் ஒரு ஆள் இருக்கிறார். வயோமிங் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் வில்பர் நைட். அவர் நினைவாக 1907-இல் மீன் ஆய்வாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் சூட்டிய பெயர் இது. 1987-இல் வயோமிங் இதைத் தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது.

அப்புறம், எடுப்பது பற்றி. கெம்மரர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃபாசில் பியூட் தேசிய நினைவுச்சின்னத்தில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அதே வட்டாரத்தில் உள்ள தனியார் குவாரிகளில் கட்டணம் கட்டித் தோண்டலாம். அண்ணனிடம் எந்தக் குவாரிக் கல் என்று கேட்டு, பலகையின் பின்னால் எழுதி வையுங்கள். வார்னிஷ் மட்டும் பூசிவிடாதீர்கள்.