படத்துக்கு மார்க் போடக் கற்றுக்கொள்வது

கேள்வி: பல வருடமாகக் கேமரா கிளப் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறேன். இப்போது என்னையே நடுவராக இருக்கச் சொல்கிறார்கள், சம்பளம் கிடையாது. நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தால் போதுமா?

பதில்: போதாது. படம் எடுப்பது ஒரு திறமை, அடுத்தவர் படத்தைப் பார்த்து, அது ஏன் நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று அவர் முன்னாலேயே ஒரு நிமிடத்துக்குள் சொல்வது வேறு திறமை. முதலில் அனுபவமுள்ள ஒரு நடுவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் மனதுக்குள் மார்க் போட்டு, எங்கே வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். 1934-இல் தொடங்கிய அமெரிக்க போட்டோகிராபிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் படங்களை மதிப்பிடப் பயிற்சியும் தருகின்றன.

பேச்சில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். "நல்ல படம், ஆனால் ஏதோ குறைகிறது" என்றால் எடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? "பறவையின் கண்ணில் ஃபோகஸ் அருமையாக விழுந்திருக்கிறது, ஆனால் இறக்கையின் வெள்ளை வெளிறிப்போய் இறகின் கோடுகளே தெரியவில்லை, எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறைத்திருக்கலாம்" என்று சொல்லுங்கள், அடுத்த முறை அவர் கை தானாகவே அங்கே போகும்.

அப்புறம், மார்க் போடும் முன் எல்லாப் படத்தையும் ஒரு சுற்று வேகமாகப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் முதலில் வரும் நல்ல படத்துக்குப் பயந்து பயந்து குறைத்துப் போட்டுவிடுவோம், எனக்கே அப்படி நடந்து, அந்த உறுப்பினரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன். உங்களுக்குப் பிடிக்காத வகைப் படங்களையும் தேடிப் பாருங்கள், மேக்ரோ (சின்னப் பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுப்பது) பிடிக்காதவரிடமும் மேக்ரோ படம் வரத்தான் செய்யும்.