நேற்று நடந்ததைக் கேளுங்கள்

வணக்கம் அண்ணா,

நான் கம்பஸில் முதலாம் வருடம். பண்பாட்டு மானிடவியலைத் தெரிவுப் பாடமாக எடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நேர அட்டவணைக்கு அதுதான் பொருந்தியது. நோட்ஸ் முழுக்கத் தீவுகளும் பழங்குடிகளும். பசிபிக் கடலில் யாரோ சிப்பி மாலை மாற்றிக்கொள்வதற்கும் திருகோணமலையில் இருக்கிற எனக்கும் என்ன தொடர்பு? இரண்டாவது, ஒரு பண்பாட்டை இன்னொன்றின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்று படித்தோம். அப்படியென்றால் சீதனத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லக் கூடாதா? அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். கடைசியாக, இந்தப் பாடத்தை எங்கே தொடங்குவது?

வாசகி, உவர்மலை

அன்புள்ள தங்கைக்கு,

நேர அட்டவணைக்காக எடுத்தேன் என்று ஒளிக்காமல் எழுதியது பிடித்திருந்தது. இந்தத் துறைக்குள் நேர்வழியாக வந்தவர்கள் குறைவுதான். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான பிரான்ஸ் போவாஸ் கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து 1881-இல் பௌதிகவியலில் பட்டம் வாங்கியவர். 1883-இல் நிலப்படம் வரைகிற வேலையாக வடதுருவப் பக்கம் பாஃபின் தீவுக்குப் போனார், இனுயிட் மக்களோடு ஒரு குளிர்காலம் இருந்தார், அதோடு அவருடைய கவனம் கடலை விட்டு மனிதர் பக்கம் திரும்பிவிட்டது.

உங்கள் நோட்ஸில் வரும் சிப்பி மாலைக் கதையை எழுதியவர் மலினோவ்ஸ்கி, போலந்துக்காரர். 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரண்டு தடவையாகப் போய் டுரோபிரியாண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்து இருந்தார். அவருக்கு முந்தியவர்களில் பலர் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரில் நாலு பெரியவர்களைக் கூப்பிட்டு 'உங்கள் வழக்கம் என்ன' என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அப்படிக் கேட்டால் யாரும் சட்டம் சொல்வது போலத்தான் சொல்வார்கள். நம் வீட்டுக் கலியாணம் எப்படி நடக்கும் என்று வெளியாள் ஒருவர் கேட்டால் பொன்னுருக்கலில் தொடங்கி முறைப்படி நடக்கவேண்டியதை எல்லாம் ஒப்பிப்போமே தவிர, போன மாதம் ஐயர் வரப் பிந்தியதையும், முதல் வரிசையில் கதிரை கிடைக்காத மாமா ஒருவர் கோபித்துக்கொண்டு வானுக்குள் போய் ஏறியிருந்ததையும், அவரைச் சமாதானப்படுத்த யார் அனுப்பப்பட்டார் என்பதையும் சொல்ல மாட்டோம். ஆக்கள் செய்வதாகச் சொல்வது ஒன்று, செய்வது இன்னொன்று, செய்ததைப் பற்றி நினைப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று மலினோவ்ஸ்கி பிடிவாதமாக நின்றார். (ஆளை மகான் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய நாட்குறிப்பு 1967-இல் வெளிவந்தபோது, அந்தத் தீவு மக்கள் மேல் எரிந்து விழுந்ததும், நாவலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்ததும் அதில் அப்படியே இருந்தன.)

அந்தச் சிப்பி விவகாரத்துக்குக் 'குலா' என்று பெயர். சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெள்ளைக் கைவளைகள் எதிர்த் திசையிலும் தீவு தீவாகக் கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கையில் வந்ததைக் கொஞ்சக் காலம் வைத்திருந்து பெருமைப்பட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இதற்காகவா உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டினார்கள் என்று நமக்குத் தோன்றும். சரி, ஒன்று கேட்கிறேன். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டு ராத்தா கஞ்சி கொண்டுவந்து தந்த சட்டியை உங்கள் அம்மா வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? கழுவிய சட்டிக்குள் இரண்டு வாழைப்பழமாவது இருக்கும். அன்று பின்னேரமே திருப்பினால் கடனைக் கட்டி முடித்த மாதிரி ஆகிவிடும், இரண்டு கிழமை வைத்திருந்தால் மரியாதைக் குறைவு, ஆகவே இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு சாட்டு வைத்துக்கொண்டு அந்தச் சட்டி மதிலைத் தாண்டும். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-இல் எழுதியது இதைத்தான். கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும், வாங்கியதற்குத் திருப்ப வேண்டும். மூன்றில் எதை மறுத்தாலும் உறவில் கீறல் விழும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அந்தச் சட்டிதான்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்றால் பொய். நிலாவெளிப் பக்கம் ஒரு கரைவலையில் மூக்குடைபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போர் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். சோழகம் தொடங்கி மேற்குக் கரையில் கடல் குழம்பும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆக்கள் இங்கே வந்து வாடி போடுவார்கள் அல்லவா, அவர்களில் சிலரும் அந்த வலையில் கயிறு இழுத்தார்கள். சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், உள்ளூர்க்காரர். நான் ஒரு கொப்பியில் பன்னிரண்டு 'ஏன்' எழுதிக்கொண்டு போய் நின்றேன். இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "அது அப்படித்தான் தம்பி, அப்பற்ற காலத்திலயிருந்து." ஆறாவது கேள்வியில், கயிறு வருகுது, கொஞ்சம் அரக்கி நில்லும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை உரிந்துவிட்டது. பிறகு பிளேன்டீ குடிக்கும்போது, சும்மா கதைக்கிற மாதிரி, "நேற்றையில யாருக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தார். முதலில் எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழியும், மிச்சத்தில் வலைக்குப் பாதி, மற்றப் பாதி கயிறு பிடித்தவர்களுக்கு. பிந்தி வந்த இன்னாருக்கு அரைப் பங்கு. காய்ச்சலில் கிடந்த இன்னாருக்கு முழுப் பங்கு, அவன் போன கிழமை இரண்டு ஆளின் வேலையைச் செய்தவன். எல்லா 'ஏன்'களுக்கும் பதில் அதற்குள் இருந்தது, ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

அன்று பார்த்த ஒன்றை இன்றுவரை மறக்க முடியவில்லை. வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, கரைக்கு வர இன்னும் பத்துப் பாகம் இருக்கும்போது ஒரு ஆச்சி மெதுவாக நடந்து வந்தார். பனையோலை உமலை மணலில் வைத்துவிட்டுக் கயிற்றில் இரண்டு விரலை வைத்தார். இழுத்தார் என்று சொல்ல முடியாது, கயிறு போகிற போக்கில் விரலும் போனது. மடியை விரித்ததும் உமலோடு போய் நின்றார், கறிக்கென்று ஒரு கை சூடை மீன் அதற்குள் விழுந்தது. வயதானவர்களுக்குச் சும்மா கொடுப்பீர்களோ என்று கேட்டுவிட்டேன். சம்மாட்டிக்கு முகம் மாறிவிட்டது. "சும்மா குடுக்கிறதெண்டு ஆர் சொன்னது? ஆச்சி கயிறு பிடிச்சவ." அந்த இரண்டு விரல்தான் பிச்சையைப் பங்காக மாற்றியது. அது ஆச்சிக்கும் தெரியும், சம்மாட்டிக்கும் தெரியும், கடற்கரையில் தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

கயிறு இழுத்த நீர்கொழும்பார் ஒருவர் என்னோடு சிங்களத்தில் கதைத்தார், கைபேசியில் மனைவியோடு தமிழில் கதைத்தார். பெயர் சிங்களப் பெயர், கும்பிடுவது மாதாவை, தன்னைச் சொல்வது சிங்களவர் என்று. நீர்கொழும்புக் கரையில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. 'பண்பாடுகள்' என்று பன்மையில் சொல்லும்போது தகர டின்களை வரிசையாக அடுக்கி லேபிள் ஒட்டியது போல ஒரு படம் நம் மனதில் வருகிறது, அந்தப் படம் பிழை. பழைய ஆய்வாளர்களுக்கும் இந்த வியாதி இருந்தது. செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1911-இல் வந்தது. அதில் நம் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் கலப்பில்லாத வேடரைத் தேடி அலைந்தவர்களுக்குக் கரையோர வேடர் ஓர் ஓரத்து விஷயம். மூதூர்ப் பக்கம் இருந்து வாகரை வரைக்கும் காடும் கடலும் சேர்ந்து தெரிந்த மனிதர்கள். எனக்கென்றால் அந்தக் கலப்புத்தான் முதல் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் முறை. அப்பாவின் தம்பி சித்தப்பா, அம்மாவின் தம்பி மாமா. சித்தப்பாவின் மகன் தம்பி, மாமாவின் மகன் மச்சான். உலகத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் வளர்கிறோம். ஆங்கிலக்காரருக்கு இரண்டு பேரும் ஒரே 'அங்கிள்', பிள்ளைகள் எல்லாம் 'கசின்'. (இப்போது நம் பிள்ளைகளும் கசின் என்கிறார்கள், பிறகு கலியாணப் பேச்சு வந்தால் 'கசின் பிரதர்' என்று ஒட்டுப் போடுகிறார்கள். சொல் போனாலும் கணக்குப் போகவில்லை.) நியூயோர்க் மாநிலத்தில் மோர்கன் என்ற வழக்கறிஞர், செனெக்கா என்ற அமெரிக்கப் பூர்வகுடியினர் அப்பாவின் சகோதரனையும் 'அப்பா' என்றே அழைப்பதைக் கண்டு திகைத்துப்போய், உலகம் முழுக்கக் கேள்விக்கொத்து அனுப்பினார். தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரி ஒருவர் தமிழ் முறைப்பெயர்களை நிரப்பி அனுப்ப, பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. உற்சாகத்தில், அவர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று முடிவு கட்டி 1871-இல் புத்தகம் போட்டார். வித்தியாசம் கொஞ்சம் தள்ளிப் போனால்தான் தெரியும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அப்பாவுடைய மாமாவின் மகன், அதாவது அப்பாவின் மச்சான், உங்களுக்கு என்ன முறை? யோசிக்காமல் மாமா என்பீர்கள். செனெக்கா முறையில் அவரும் 'அப்பா'தான். நம்முடைய கணக்கில் மச்சான், மச்சாள் என்றால் கட்டுகிற முறை, அவர்களிடம் அந்த விதி இல்லை. இன்னொரு பக்கம் பாருங்கள், சிங்கள மொழி வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்கிறார்கள், ஆனால் மாமா, நெந்தா, மஸ்ஸினா, நேனா என்று அவர்களுடைய முறை நம்முடையதோடு பொருந்தி உட்காருகிறது. ராத்தா வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, சாச்சா என்று சொற்கள் வேறு, மச்சான் இருக்கிற இடம் அதே இடம். மொழி ஒரு பக்கம் போகும், சாமி ஒரு பக்கம் போகும், முறை தன் பாட்டில் மூன்றாவது பக்கம் போகும்.

இனிச் சீதனம். அளக்கக் கூடாது என்ற விதி, விளங்குவதற்கு முன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்பதற்காக வந்தது. சிலர் அதை எதையுமே கேட்காதே என்பது வரைக்கும் இழுத்தார்கள். அமெரிக்க மானிடவியல் சங்கமே 1947-இல், மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது, மேற்கத்தியரின் அளவுகோலை எல்லார் மேலும் எப்படிச் சுமத்தலாம் என்று ஓர் அறிக்கை விட்டது, பிறகு 1999-இல் மனித உரிமையின் பக்கம் நின்று வேறொரு பிரகடனம் செய்தது. ஐம்பது வருடம் எடுத்தது அவர்களுக்கு, நீங்கள் முதலாம் வருடத்திலேயே கேட்டுவிட்டீர்கள்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்றால், 'சீதனம்' என்ற ஒரு சொல்லுக்குள் பல காரியம் ஒளிந்திருக்கிறது. அக்கரைப்பற்றில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நீண்ட காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே எழுதியிருக்கிறார், அங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் இருந்தால், சண்டை வரும் நாளில் பெட்டி கட்டுகிறவர் மாப்பிள்ளைதான். அதே சொல்லை வைத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் 'டொனேஷன்' என்று மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கையில் காசு போகிறது, பெண்ணுக்கு அதில் ஒரு சதம் சொந்தமில்லை. இரண்டையும் விளங்கிக்கொண்ட பிறகு சொல்கிறேன், டொனேஷன் அநியாயம். மகளின் வீட்டுக்காகத் தகப்பன் பதினைந்து வருடம் கட்டாரில் கிடப்பதும் எனக்கு நல்லதாகப் படவில்லை, ஆனால் அது வேறு வழக்கு. எட்மண்ட் லீச் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1954-இல் அனுராதபுரப் பக்கம் புல் எலிய என்ற ஊரில் போய் இருந்துவிட்டுச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உறவு, முறை என்று கதைக்கட்டும், நீ வயல் யார் கையில், வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார். ஆகவே அக்காவின் பேச்சுக்கால் நடக்கும்போது சீதனம் சரியா பிழையா என்று விவாதம் பண்ணப் போகாதீர்கள், கல் வீடு மாதிரி அசையாமல் இருப்பார்கள். உறுதி யார் பெயரில் என்று மட்டும் கேளுங்கள். கேட்டவுடன் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.

எங்கே தொடங்குவது? தமிழில் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' இருக்கிறது, பரீட்சைக்கு உதவும். அதற்கு முதல் ஒரு பின்னேரம் அம்மாவை உட்கார்த்தி வைத்து, ஒரு பெரிய தாளில் சொந்தக்காரர் எல்லாரையும் கோடு போட்டு எழுதுங்கள். முறைப்பெயர், எந்த ஊரில் கட்டினார்கள், கட்டிய பிறகு யார் யார் வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெயர் வரும்போது அம்மா கொஞ்சம் நிறுத்தி, அதை விடு என்பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், இப்போதைக்குக் கேட்காதீர்கள். பிறகு ராத்தாவிடம் போய் அதே வேலையைச் செய்யுங்கள். திருப்பிக் கொடுக்க ஏதாவது சட்டி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே போங்கள்.