பேசின், வேனிட்டி, பாத் டப்: கேள்வி பதில்

கேள்வி: வாஷ் பேசின் பதித்த வெள்ளைப் பளிங்கு மேடையில் அங்கங்கே மங்கல் வட்டங்கள் விழுந்துவிட்டன. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சீலர் பூசித்தானே கொடுத்தார்கள்?

பதில்: அவை கறைகள் அல்ல, அரிப்புகள். பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், எலுமிச்சை, வினிகர், கழிவறை கிளீனர் என எந்த அமிலம் பட்டாலும் அந்த இடத்தில் மெருகோடு கல்லும் சிறிது கரைந்துவிடுகிறது. சீலர், கல்லுக்குள் எண்ணெயும் சாயமும் இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமிலத்தைத் தடுக்காது. மறுபடியும் பாலிஷ் போடுவதுதான் வழி. இனி வாங்குவோர், துண்டுக் கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மெருகிட்ட பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். கிரானைட் அப்படியே இருக்கும். பளிங்கில் வட்டம் தெரியும்.

கேள்வி: கறுப்பு மேட் (பளபளப்பில்லாத) பேசின் வாங்கினோம். போர் தண்ணீர். ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. பேசின் மட்டமானதா?

பதில்: இல்லை, தண்ணீர் கடினமானது, அதாவது உப்பு மிகுந்தது. வெள்ளைப் பேசினிலும் அதே உப்பு படிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. பீங்கான் பேசினாக இருந்தால், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்துக் கழுவுங்கள். பாட்டிலில் விற்கும் ஆசிட் வேண்டாம். அது குரோம் குழாயையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் அரித்துவிடும். போர் தண்ணீர் வீட்டுக்குக் கறுப்பு மேட் வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: பேசினுக்குக் கீழே உள்ள வேனிட்டி கேபினட்டின் அடிப்பலகை உப்பிவிட்டது. வாட்டர் புரூஃப் ப்ளைவுட் என்றுதான் விற்றார்கள்.

பதில்: பலகையில் உள்ள ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) முத்திரையைப் பாருங்கள். 710 என்பது மரைன், அதாவது நீரைத் தாங்கும் ப்ளைவுட்; 303 என்பது பொது உபயோகத்துக்கானது. ஆனால் நான் திறந்து பார்த்த கேபினட்களில் பெரும்பாலானவற்றில் பலகையைவிடத் தச்சு வேலைதான் குற்றவாளி: பேசினின் கழிவுநீர் இறங்கும் பாட்டில் ட்ராப் குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பு பூச்சில்லாமல் பச்சையாக நிற்கும், கசியும் நீர் அதன் வழியாகத்தான் உள்ளே ஏறும். அந்த விளிம்புக்கு நீர் புகாத எபாக்சி பிசின் பூசி, கேபினட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடைமேல் வைக்கும் கிண்ணப் பேசினுக்கு மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பதில்: பேசினின் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். கிண்ணம் 14 செ.மீ. என்றால் மேடை 70 போதும். ஆகவே, பேசினை வாங்கிய பிறகே மேடை கட்டுங்கள்.

கேள்வி: மாடியில் வார்ப்பிரும்பு பாத் டப் வைக்க ஆசை. கீசர் 15 லிட்டர்.

பதில்: டப் 100 கிலோவுக்கு மேல் இருக்கும், 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ, அதன்மேல் குளிப்பவர். தளத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் வைக்காதீர்கள். அக்ரிலிக் டப்பின் எடை இதில் ஒரு பங்குதான். கீசர் கணக்கு இன்னும் சங்கடமானது: 60 டிகிரியில் உள்ள 15 லிட்டரை 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் 40 லிட்டர்தான் கிடைக்கும். அது உங்கள் கணுக்காலைத்தான் நனைக்கும்.

கேள்வி: செம்புப் பேசின் கறுக்குமா?

பதில்: கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் மின்னும்; ஆனால் லாக்கர் (கறுக்காமல் காக்கும் மெல்லிய வார்னிஷ்) பூசிய பேசினைத் தேய்க்காதீர்கள், பூச்சு உரிந்து திட்டுத்திட்டாகிவிடும்.