பெயரை லைசென்ஸ் எடுக்கிறீர்களா? முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

கேள்வி: ஒரு துணி பிராண்டின் பெயரில் சோப்பு தயாரித்து விற்க ஐந்தாண்டு லைசென்ஸ் வாங்கி, முன்பணமும் கட்டினேன். இப்போது வேறொருவர், "சோப்புக்கு அந்தப் பெயர் எங்களுடையது" என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பெயரைக் கொடுத்தவர் போனையே எடுப்பதில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், படிக்கும்போதே வயிறு எரிகிறது. டிரேட்மார்க் பதிவு பொருள் வகை பார்த்துத்தான் கிடைக்கும். பல நாடுகள் சேர்ந்து 1957-இல் பிரான்ஸின் நைஸ் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கிய வகைப் பட்டியலில் இன்று சரக்குக்கு 34, சேவைக்கு 11, ஆக 45 வகைகள். துணிமணி 25-ஆம் வகை, சோப்பு 3-ஆம் வகை. 25-இல் மட்டும் பதிந்தவர் சோப்புக்கு லைசென்ஸ் விற்பது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரிதான். புதிதாகத் தயாரிப்பதை நிறுத்துங்கள், கெடு முடிவதற்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். "இந்த உரிமை என்னுடையது, வழக்கு வந்தால் நஷ்டம் என் பொறுப்பு" என்ற பொருளில் ஒப்பந்தத்தில் ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன்பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் உங்கள் பிடி.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அது பதிவுக்குச் சாட்சி அல்ல. பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' இருந்தாலும் எந்த வகையில், எந்த நாட்டில், யார் பெயரில், புதுப்பித்தார்களா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். பல நாடுகளின் பதிவுகளை உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இணையத் தேடலில் காசில்லாமல் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பத்து நிமிடம் தேடக் கூடாதா?

கேள்வி: பணம் கொடுத்து லோகோ வரைய வைத்தேன். அது என் சொத்துதானே?

பதில்: எழுதி வாங்கினீர்களா? பல நாடுகளில், சம்பள ஊழியர் அல்லாத ஓவியர் வரைந்தால் காப்பிரைட் அவரிடமே இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். நானும் ஒரு சின்னத்தை இப்படித்தான் வாங்கினேன். பில்லில் 'வடிவமைப்புக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது, பிறகு உரிமை மாற்றத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன். இன்றே ஒரு பக்கத்தில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இலவசமாக இறக்கிய எழுத்துருவைப் பொட்டலத்தில் அச்சடித்துவிட்டேன். லைசென்ஸ் பக்கத்தைப் படிக்கவில்லை.

பதில்: இப்போது படியுங்கள். 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் வணிக லைசென்ஸ் வாங்கிய பிறகு அடுத்த அச்சு.

கேள்வி: பிராண்டுக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் பட்டறைக்கு வந்து மாதிரி எடுத்துப் போகிறார். இது தொல்லை இல்லையா?

பதில்: இல்லை. தரத்தைக் கண்காணிக்காமல் பெயரை விட்டுவைத்தால் சில நாடுகளில் சின்னத்தின் உரிமையே போய்விடும். வராதவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி: லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, கிடங்கில் பாதிச் சரக்கு மிச்சம்.

பதில்: கைவசச் சரக்கை விற்றுத் தீர்க்க அவகாசம் என்று ஒப்பந்தத்தில் உண்டா பாருங்கள். இல்லையென்றால் முடிந்த மறுநாள் விற்பதே மீறல் ஆகிவிடலாம். சரக்கை எண்ணி, பட்டியலோடு இன்றே கடிதம் எழுதி அவகாசம் கேளுங்கள். போனில் "சரி, வித்துக்கோங்க" என்று சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.