தூசு தும்பு இல்லாமல் துடைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மைக்ரோஸ்கோப், கேமரா, ஆய்வகக் கருவிகள் சர்வீஸ் என்று இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் மேசைக்கு வருபவற்றில், உழைத்துத் தேய்ந்த லென்ஸ்களைவிடத் துடைத்தே கெட்டுப்போன லென்ஸ்கள்தான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, எதனால் துடைப்பது என்பதைப் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

லிண்ட் ஃப்ரீ வைப் (தும்பு உதிராத துடைப்பான்) என்று ஒரு பெட்டிக் காகிதத்துக்கு இவ்வளவு விலை சொல்கிறார்களே, நன்றாகத் துவைத்த பழைய வேட்டி போதாதா?
*கண்ணாடிக் கடைக்காரர், கும்பகோணம்*

வேட்டி மென்மைதான், அதில் சந்தேகமில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டைக் கழுவிக் காயவைத்து, அந்த வேட்டித் துணியால் துடையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் அடித்துப் பாருங்கள். குட்டிக் குட்டி வெள்ளை முடிகளாக மின்னும். தூசு தும்பு என்கிறோமே, அதில் தும்பு இதுதான்.

பருத்தி நூல் என்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இழைகளை முறுக்கிச் சேர்த்தது. துவைக்கத் துவைக்க முனைகள் உடைந்து உதிரும். போதாததற்குக் கஞ்சியும் சோப்புத் தூளின் மிச்சமும் துணியிலேயே தங்கியிருக்கும்.

கடையில் கிடைக்கும் வைப்புகளில் இரண்டு ஜாதி உண்டு. கிம்வைப்ஸ் போன்றவை மரக்கூழ்க் காகிதம். தும்பு குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கிளீன் ரூம்களில், அதாவது தூசு புகாமல் காக்கும் அறைகளில், பயன்படுத்துவது பாலியெஸ்டர் துணி. அறுபடாத நீண்ட இழையால் பின்னி, நல்ல ரகங்களில் ஓரத்தை வெப்பத்தாலோ லேசராலோ உருக்கி மூடியிருப்பார்கள். சிக்கனம் என்று அதைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய ஓரத்திலிருந்து தும்பு கொட்டும். கொடுத்த காசு வீண். வெட்டாமல் நாலாக மடித்துக்கொள்ளுங்கள், துடைக்க எட்டுப் புதுப் பக்கங்கள் கிடைக்கும்.

அப்புறம், திருப்பூர் பனியன் வேஸ்ட். லேத் பட்டறைக்கு அதைப் போல ஒரு சாமான் கிடையாது. லென்ஸ் இருக்கும் மேசைக்கு மட்டும் அது வரவேண்டாம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பின் 100எக்ஸ் அப்ஜெக்டிவ் (ஸ்லைடை ஒட்டி இருக்கும், நூறு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) எல்லாமே மங்கலாகிவிட்டன. சைலீன் என்ற கரைப்பான் போட்டுத் துடைத்தும் தெளியவில்லை. லென்ஸ் போய்விட்டதா, சார்?
*ஆய்வக உதவியாளர், காரைக்குடி*

முதலில் லென்ஸைப் பாருங்கள், அப்புறம் முடிவுக்கு வருவோம். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் ஒன்றைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அப்ஜெக்டிவின் முன்முனைக்கு மிக அருகில் கொண்டுபோங்கள். நல்ல பூதக்கண்ணாடி அது, தனியாக வாங்கத் தேவையில்லை. வெளிச்சம் சாய்வாக விழும்படி முனையை ஆட்டிப் பார்த்தால், காய்ந்த எண்ணெய் மஞ்சள் ஏடு போலத் தெரியும். கீறல் என்றால் கோடு கோடாகத் தெரியும். ஏடு என்றால் பிழைக்கும்.

நடப்பது என்னவென்றால், பிராக்டிகல் முடிந்ததும் பிள்ளைகள் 100எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடும் இமர்ஷன் ஆயிலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது காய்ந்து கெட்டியாகிறது. அடுத்த வாரம் யாரோ 100எக்ஸிலிருந்து 40எக்ஸுக்குத் திருப்ப, ஸ்லைடில் நின்ற எண்ணெய் அதன் மேலும் அப்பிக்கொள்கிறது. 40எக்ஸ் எண்ணெய்க்கு ஆனதே இல்லை. “40எக்ஸ் மட்டும் கெட்டுப்போச்சு” என்று வருகிற புகார்களில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணெயைத்தான். ஆகவே அதையும் பாருங்கள்.

புது எண்ணெய் என்றால் லென்ஸ் பேப்பரை முனையில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பேப்பரை நகர்த்தி, எண்ணெய்க் கறை விழாத வரைக்கும் புதுப் புது இடத்தால் ஒற்றுங்கள். காய்ந்த எண்ணெய்க்குத் திரவம் வேண்டும், ஆனால் அதை லென்ஸில் ஊற்றக் கூடாது. பேப்பரில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருள் சுருளாக ஒரே ஒரு முறை கொண்டுவர வேண்டும். பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். நாலைந்து பேப்பர் ஆகும், ஆகட்டும்.

சைலீனை விட்டுவிடுங்கள். லென்ஸ் துண்டுகளை ஒட்டியிருக்கும் பசைக்குள் அது ஓரம் வழியாக இறங்கினால் பசையே இளகும். நீங்கள் மூக்கில் இழுப்பதும் நல்லதல்ல. ஜெய்ஸ் நிறுவனம் சொல்லும் கலவை 85 பங்கு என்-ஹெக்ஸேன், 15 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஹெக்ஸேன் சட்டென்று தீப்பிடிக்கும், பன்சன் பர்னர் எரியும் அறையில் அதைத் திறக்கவே கூடாது. கல்லூரி ஆய்வகத்துக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகப் பயன்படுத்தினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இதைச் சொல்லும் நானும் புதிதில் ஒரு தப்பு செய்தேன். அவசரத்தில், முந்தின நாள் துடைத்து மேசையில் கிடந்த பேப்பரையே எடுத்து ஒரு அப்ஜெக்டிவைத் துடைத்தேன். அதில் ஒட்டியிருந்த ஒரே ஒரு மணல் துகள் அரைவட்டமாகக் கோடு போட்டுவிட்டது. அந்த அப்ஜெக்டிவ் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே அதைக் காட்டிவிடுவேன்.

மெரினாவில் படம் எடுத்துவிட்டு வந்தால் லென்ஸில் ஒரு புகை படிகிறது. ஆல்கஹால் வைப் போட்டும் திட்டுத் திட்டாக நிற்கிறதே?
*கல்யாண போட்டோகிராபர், சென்னை*

அது உப்பு, தம்பி. உப்பு தண்ணீரில் கரையும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் போட்டால் அது இடம் மாறும், போகாது. விரல் ரேகை எண்ணெய்ப் பசை, அதற்கு ஆல்கஹால் சரி. கடற்கரைக் காற்றுக்குத் தண்ணீர்தான் முதலில்.

அதற்கும் முன்னால் மணல். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது லென்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். லென்ஸின் மேலே பூசியிருக்கும் கோட்டிங்கில் ஓர் அடுக்கின் கனம் ஏறக்குறைய 100 நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் கனத்தில் பல நூற்றில் ஒரு பங்கு. எவ்வளவு உயர்ந்த வைப்பாக இருந்தாலும், அடியில் ஒரு மணல் மாட்டினால் அது உப்புத்தாள்தான்.

லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பா காற்றைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளேயிருக்கும் திரவம் பீய்ச்சி வந்து கறை படியும், ஆகையால் அதுவும் வேண்டாம். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்த வைப்பால் ஒரு தடவை துடையுங்கள். நனைத்த என்றால் பிழிந்தால் சொட்டக் கூடாது. அப்புறம் வேறு ஒரு வைப்பில் ஆல்கஹால். கடைசியாக உலர்ந்த வைப்.

மைக்ரோஃபைபர் துணி தாராளமாகப் பயன்படுத்தலாம். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள். இழைகளுக்கு நடுவே அது படிந்துகொண்டு, அடுத்த முறை லென்ஸில் பூசும்.

ஃபைபர் கனெக்டரை (இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையின் இணைப்பு முனையை) துடைக்க ஹேண்ட் சானிடைசர் போதுமா? கையில் அதுதான் இருக்கிறது.
*ஃபைபர் இன்டர்நெட் டெக்னீஷியன், ஈரோடு*

போதாது, கெடுக்கவும் செய்யும். சானிடைசரில் தண்ணீர் கலந்திருக்கிறது. கை வறளாமல் இருக்கக் கிளிசரினும் சேர்ப்பார்கள். ஆல்கஹால் பறந்துபோன பிறகு அந்தப் பிசுபிசுப்பு கனெக்டர் முகத்திலேயே நிற்கும்.

இன்டர்நெட்டுக்குப் பயன்படும் சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதியான கோர் ஏறக்குறைய 9 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு நடுவில் உட்கார்ந்தால் சிக்னல் விழுந்துவிடும். வீட்டுக்காரர் ரூட்டரை மாற்றச் சொல்லிச் சண்டைக்கு நிற்பார். கோளாறு முனையில் இருக்கும்.

வைப்பை நாலாக மடித்து, பஞ்சணை மாதிரி மெத்தென்ற ஏதாவது ஒன்றின் மேல் வையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் 99 சதவீத ஆல்கஹால் ஒரு சொட்டு. கனெக்டர் முகத்தை ஈரத்தில் வைத்து உலர்ந்த பக்கம் நோக்கி ஒரே இழுப்பு. திரும்ப அதே தடத்தில் போகக் கூடாது, எடுத்த அழுக்கை நீங்களே திருப்பிப் பூசுவீர்கள். பச்சை நிற ஏ.பி.சி. கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வுக்கு ஏற்ற மாதிரி பிடியுங்கள். மூடியைக் கழற்றிய புதுக் கனெக்டரையும் துடைக்கத்தான் வேண்டும், அந்தப் பிளாஸ்டிக் மூடியின் உட்புறம் சுத்தம் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆல்கஹால் பாட்டிலைத் திறந்தே வைக்காதீர்கள், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவே வேண்டாம். 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஆபத்து.

பிஎச் எலெக்ட்ரோடை (அமில, காரத் தன்மையை அளக்கும் கண்ணாடி முனைக் கருவியை) ஒவ்வொரு முறையும் நன்றாகத் துடைத்துத்தான் வைக்கிறேன், ஆனாலும் அளவு அலைபாய்கிறது.
*சாயப்பட்டறை ஆய்வகம், கரூர்*

நன்றாகத் துடைப்பதே காரணமாக இருக்கலாம். கண்ணாடிக் குமிழைத் தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறி, அளவு நிலைக்கச் சிரமப்படும். டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, வைப்பால் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

கண் கண்ணாடிக்கு கிம்வைப்ஸ் நல்லதா?
*இல்லத்தரசி, நாகர்கோவில்*

பிளாஸ்டிக் லென்ஸுக்குக் காகிதமே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தடவி, அலசி, மைக்ரோஃபைபரால் ஒற்றுங்கள். முந்தானையால் துடைக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. தண்ணீரில் காட்டிவிட்டாவது துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பாலிகார்பனேட்டை வெடிப்பு விடச் செய்துவிடும்.

ஆறு அங்குல நியூட்டோனியன் டெலஸ்கோப் (லென்ஸுக்குப் பதில் குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது) வைத்திருக்கிறேன். கண்ணாடியில் தூசு படிந்திருக்கிறது. எந்த வைப் வாங்கலாம்?
*பள்ளி ஆசிரியர், திருப்பத்தூர்*

எதுவும் வாங்காதீர்கள். உங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. டெலஸ்கோப் கண்ணாடியில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே, மேலே மெல்லிய பாதுகாப்பு அடுக்கோடு. துடைத்தால் நேராக அதன் மேல்தான் கை வைக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடியோடு வைனு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடிகளிலும் பூச்சு கெட்டால் துடைத்துப் பளபளப்பாக்க மாட்டார்கள். பழைய பூச்சை நீக்கி, வெற்றிட அறையில் வைத்துப் புது அலுமினியம் ஏற்றுவதுதான் வழக்கம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் பயங்கரமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். படம் உண்மையிலேயே மங்கினால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கழுவுங்கள். மெதுவாக ஓடும் தண்ணீரில் தூசு போகட்டும். பிறகு சோப்புத் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறட்டும். தண்ணீருக்குள்ளேயே மருத்துவப் பஞ்சு உருண்டையை அதன் சொந்தக் கனத்தில் மட்டும் நகர்த்துங்கள், விரல் அழுத்தக் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. இங்கே பஞ்சின் தும்பு பற்றிக் கவலை இல்லை, தண்ணீர் கொண்டுபோய்விடும். உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் வெள்ளைப் புள்ளி விடும் என்பதால் கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். பிறகு சுவரில் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். அடியில் இரண்டு மூன்று சொட்டு தேங்கினால் டிஷ்யூவின் ஒரு முனையைக் காட்டுங்கள், அது உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேலும் ஒரு புள்ளி தெரிகிறது என்றால், தெரியட்டும், குழாயில் மாட்டிவிடுங்கள்.